கட்டுப்படியாகுமா, அண்ணா?

சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி பையன் போன மாதம் ஒரு எக்ஸெல் தாள் அனுப்பியிருந்தான். வழக்கமாக அவன் அனுப்புவது குழந்தைகளின் போட்டோ. இல்லையென்றால் வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர் ரக வைத்தியம். இந்த முறை கணக்கு. வீட்டோடு தங்கி வேலை பார்க்க ஒரு பணிப்பெண் வைத்துக்கொண்டால் மாதம் எவ்வளவு ஆகும் என்று வரிவரியாகப் போட்டிருந்தான். பின்னாலேயே போன்.

"ஒரு தடவை பாத்துடுங்கண்ணா. கட்டுப்படியாகுமா?"

அவன் நிலைமை புரிகிறது. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை. ஆறு வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. சித்திக்கு 72 வயது. இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு அப்புறம் பாத்ரூம் போகக்கூட ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆள் வைக்காமல் அந்த வீடு ஓடாது. இதில் நான் உபதேசம் பண்ண எதுவுமில்லை.

தாளை இரண்டு தடவை பார்த்தேன். பிறகு, "இலோ இலோன்னு ஒரு படம் இருக்கு. உங்க ஊர்ப் படம்தான். ரெண்டு பேரும் உட்கார்ந்து பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். கணக்குக் கேட்டவனுக்கு சினிமா சொல்கிறானே என்று அவன் நினைத்திருப்பான். அண்ணன் என்ற மரியாதைக்கு "சரிண்ணா" என்றான்.

முதலில் அவன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் மாதத்துக்கு, சிங்கப்பூர் வெள்ளியில். சம்பளம் 700. அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி 60. இன்ஷூரன்ஸ் 25. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை, பிரித்துப் போட்டால் 10. சாப்பாடு 200. சோப்பு, ஷாம்பு, போன் 40. ஏஜெண்ட் கட்டணத்தை 24 மாதத்துக்கு வகுத்தால் 80. இரண்டு வருஷம் முடிந்து ஊருக்குப் போக விமான டிக்கெட், அதுவும் வகுத்து 25. ஆகமொத்தம் 1,140 வெள்ளி.

இந்த ஏற்பாடு அங்கே நேற்று வந்ததல்ல. 1978-ல் வீட்டு வேலைக்கு வெளிநாட்டுப் பெண்களை அழைத்து வரத் தனித் திட்டமே போட்டார்கள். உள்ளூர்ப் பெண்கள் ஆபீசுக்கும் ஃபேக்டரிக்கும் போகவேண்டும் என்றால் வீட்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. இன்றைக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியான்மர். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூடப் போகிறார்கள். இவர்கள் வேலை செய்யும் வீட்டிலேயேதான் தங்க வேண்டும் என்பது சட்டம்.

லெவி என்பது சம்பளத்துக்கு மேல் முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் மாத வரி. 16 வயதுக்குட்பட்ட குழந்தையோ 67 வயது நிறைந்த பெரியவரோ உள்ள குடிமக்கள் வீட்டுக்குச் சலுகை விலையில் 60 வெள்ளி. சித்தி பையன் அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டதால் தப்பித்தான். சலுகை இல்லாதவர்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்து 300. அப்போது அவன் கணக்கு 1,380 ஆகிவிடும். பணிப்பெண்ணுக்கு 700, கஜானாவுக்கு 300! இது தவிர, மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளிக்கு அரசாங்கத்திடம் ஜாமீன். இதை இன்ஷூரன்ஸ் கம்பெனி மூலமாகக் கொடுத்துவிடலாம். மருத்துவச் செலவுக்கு 2023 ஜூலை வரை 15,000 வெள்ளிக்கு பாலிசி எடுத்தால் போதும் என்றிருந்தது. இப்போது குறைந்தது 60,000. நல்ல மாற்றம்.

ஆறு மாதப் பரிசோதனை எதற்குத் தெரியுமா? தொற்று நோய் இருக்கிறதா என்று பார்க்க, கூடவே கர்ப்பமா என்று பார்க்க. கர்ப்பம் என்றால் பெர்மிட் ரத்து, ஊருக்கு விமானம்.

தாளில் குறை சொல்ல முடியாது. எல்லாம் இருக்கிறது. படித்து முடித்ததும் ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கப் போட்ட கணக்கு மாதிரி இருந்தது. விலை, வரி, டெலிவரி, கரண்டு செலவு, வருஷாந்திர சர்வீஸ். அதனால்தான் படத்தைச் சொன்னேன்.

*

'இலோ இலோ' ஆண்டனி சென் என்ற இளைஞரின் முதல் முழுநீளப் படம். 2013-ல் கான் திரைப்பட விழாவில் முதல் பட இயக்குநர்களுக்கான கேமரா தோர் விருது வாங்கியது. சிங்கப்பூர் முழுநீளப் படம் ஒன்று கானில் விருது வாங்கியது அதுதான் முதல் தடவை. அதே வருஷம் தைவானின் தங்கக் குதிரை விருதுகளில் வோங் கார் வாய் மாதிரி ஜாம்பவான்களைத் தாண்டிச் சிறந்த படம் ஆனது. இலோஇலோ என்பது பிலிப்பைன்ஸில் ஒரு மாகாணத்தின் பெயர். சீன மொழியில் படத்துக்கு வேறு தலைப்பு: 'அப்பா அம்மா வீட்டில் இல்லை'. இரண்டு தலைப்பையும் சேர்த்துப் படித்தால் கதை முடிந்தது. அப்பா, அம்மா வீட்டில் இல்லை. இருப்பவர் இலோஇலோவிலிருந்து வந்தவர்.

வருஷம் 1997. ஆசியப் பொருளாதாரம் சரிந்த சமயம். நடுத்தர வர்க்கச் சீனக் குடும்பம், அடுக்குமாடி வீடு. அம்மா ஹ்வீ லெங் நிறைமாதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார், ஆபீசுக்கும் போகிறார். பையன் ஜியாலெ பள்ளிக்கூடத்தில் தினம் ஒரு வம்பு. பேப்பரில் வரும் லாட்டரி எண்களை வெட்டி நோட்டில் ஒட்டி, அடுத்து எது விழும் என்று ஆராய்ச்சி செய்கிற பத்து வயதுப் பையன். சமாளிக்க முடியாமல் ஒரு பணிப்பெண்ணை வரவழைக்கிறார்கள். பெயர் டெரெஸா.

இங்கே ஒரு வாக்குமூலம். இந்தப் பத்தியை எழுதும்போது, அம்மா 'போகிறார்' என்றும் டெரெஸா 'வருகிறாள்' என்றும்தான் முதலில் எழுதியிருந்தேன். பேனா தானாகவே அப்படிப் போகிறது. அடித்துத் திருத்தினேன்.

டெரெஸா வந்த முதல் நாளே பாஸ்போர்ட்டை அம்மா வாங்கி வைத்துக்கொள்கிறார். ஓடிப்போய்விட்டால்? அப்படி வாங்கி வைப்பது அங்கே குற்றம், ஆனால் வீடுகளில் அது ஏதோ பால் கார்டை அலமாரியில் வைக்கிற மாதிரி நடந்து வந்தது. படுக்க இடம், பையன் அறை. பையன் கடையில் ஒரு பொருளை அவர் பையில் தெரியாமல் போட்டுத் திருட்டுப் பழியில் மாட்டிவிடப் பார்க்கிறான். பிறகு ஒரு விபத்தில் கை ஒடிந்து, குளிக்கவும் சாப்பிடவும் டெரெஸாவின் கை வேண்டியிருக்கும்போதுதான் வழிக்கு வருகிறான். அதற்கப்புறம் அவன் ஒட்டிக்கொள்கிற விதத்தைப் பார்த்தால், இந்த வீட்டில் அவனைத் தொட்டுப் பேச நேரமுள்ள ஒரே ஆள் டெரெஸாதான் என்று தெரிகிறது.

இதுவரை வந்தது பழகிய கதை. முரட்டுப் பையன், அன்பான ஆயா. எத்தனையோ பார்த்திருக்கிறோம். 'இலோ இலோ'வை வேறு படமாக்குவது பணம். படம் முழுக்கப் பணம் கசிந்துகொண்டே இருக்கிறது, பாத்ரூம் குழாய் மாதிரி. அப்பா டெக்குக்கு சேல்ஸ்மேன் வேலை போகிறது, வீட்டில் சொல்லவில்லை. பங்குச் சந்தையில் போட்டதும் போகிறது, அதையும் சொல்லவில்லை. கடைசியில் வாட்ச்மேன் சட்டை மாட்டிக்கொள்கிறார். அம்மாவின் ஆபீஸ் வேலை, மற்றவர்களுக்கு வேலைநீக்கக் கடிதம் டைப் அடிப்பது. பயத்தில் அவர் ஒரு 'தன்னம்பிக்கை' பேச்சாளரிடம் காசைக் கொடுத்து ஏமாறுகிறார். வீட்டில் ஆளுக்கு ஒரு ரகசியக் கடன். யாரும் கத்துவதில்லை. சென் இதையெல்லாம் பின்னணி இசைகூடப் போடாமல், பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி காட்டுகிறார். எனக்கு இந்த அடக்கம் பிடித்தது. நம்மூர் டைரக்டர் கையில் கிடைத்திருந்தால் ஷெனாய் அழுதிருக்கும்.

ஹ்வீ லெங்காக நடித்த யோ யான் யான் இந்தப் படத்தின் முதுகெலும்பு. இந்த வேடத்துக்குத் தங்கக் குதிரையில் துணை நடிகை விருது கிடைத்தது. பையன் டெரெஸாவிடம் நெருங்க நெருங்க அவர் முகத்தில் ஒரு சின்ன இறுக்கம். சம்பளம் கொடுத்து வைத்த ஆள், சம்பளத்துக்குள் அடங்காத ஒன்றைச் சம்பாதித்துவிட்டாளே என்ற எரிச்சல். பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கப் போகிறார்கள் என்றதும் டெரெஸா பிரின்சிபாலிடம் கெஞ்சுகிறார். அப்போது வந்து சேரும் அம்மாவுக்குத் தன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பெண்மணி கெட்டவர் இல்லை. களைத்தவர். வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டதே மகனுக்கு நேரமில்லாததால். ஆள் வந்ததும் மகன் கை நழுவிப் போகிறான். எந்த வீட்டு பட்ஜெட்டிலும் இந்தச் செலவுக்கு வரி கிடையாது.

கதையின் கணக்கு எப்படி முடிகிறது என்று பாருங்கள். குழந்தை பிறக்கப் போகிறது, வீட்டைக் கவனிக்க முடியவில்லை என்றுதான் டெரெஸாவை எடுத்தார்கள். குழந்தை பிறப்பதற்கு முன்னாலேயே, பணமில்லை என்று டெரெஸாவை அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு ஆள் மிக அதிகமாகத் தேவைப்பட்ட சமயத்தில் ஆளை நிறுத்த வேண்டியிருந்தது. ஏனென்றால் நிறுத்தக்கூடிய செலவு என்று அந்த வீட்டில் மிச்சமிருந்தது ஒன்றுதான். வீட்டுக் கடனை நிறுத்த முடியாது, பிரசவத்தை நிறுத்த முடியாது. மனுஷியை நிறுத்தலாம். ஒரு மாலை, கொஞ்சம் தயக்கம், ஒரு டிக்கெட்.

ஊர் முழுக்க வேலைநீக்கக் கடிதம் அடித்த அம்மா, தன் வீட்டில் அடிக்காமலே ஒன்று கொடுக்கிறார்.

*

படத்தில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. டெரெஸாவுக்கு ஊரில் ஒரு கைக்குழந்தை. சகோதரியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். பொது போனில் நின்று பேசுகிறார், பேச்சு குழந்தையில் ஆரம்பித்துப் பணத்தில் முடிகிறது. லீவு நாளில் சட்டத்துக்குப் புறம்பாக ஒரு சலூனில் முடி வெட்டப் போகிறார். அந்தக் காட்சிகள் வரும்போதெல்லாம், ஆஹா, இப்போது அவருடைய பட்ஜெட் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரவில்லை. எவ்வளவு கடன், எவ்வளவு அனுப்புகிறார், இந்த வேலை போனால் அடுத்த மாதம் என்ன என்று படம் சொல்வதில்லை. அப்பாவின் பங்குச் சந்தை நஷ்டத்துக்குக் கிடைக்கிற நேரத்தில் பாதிகூட அதற்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தின் கணக்கு மூடியதும் டெரெஸாவும் படத்திலிருந்து மூடப்படுகிறார்.

டைரக்டர் பக்கம் நியாயம் இருக்கிறது. இது அவருடைய சின்ன வயது நினைவு. அவர் வீட்டில் நிஜமாகவே இலோஇலோவிலிருந்து வந்த ஒரு பெண்மணி பல வருஷம் இருந்திருக்கிறார். 1997-ல் ஊருக்குப் போனவரோடு தொடர்பு விட்டுப்போயிற்று. படம் வெளிவந்த பிறகு, 2013-ல், பிலிப்பைன்ஸில் அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்தார்கள். பதினாறு வருஷம். அன்பு இல்லாமல் இல்லை. முகவரிதான் இல்லை.

இதே ஜாதிப் படம் இன்னொன்று, மெக்ஸிகோவின் அல்ஃபோன்ஸோ குவாரோன் எடுத்த 'ரோமா' (2018). அதுவும் டைரக்டரை வளர்த்த பணிப்பெண்ணுக்குச் சமர்ப்பணம். அதிலும் வீட்டில் பணம் வற்றுகிறது. அப்பா வீட்டை விட்டுப் போய்விடுகிறார். ஒரு காட்சி. எல்லோரும் டி.வி. பார்க்கிறார்கள். க்ளியோ கீழே உட்கார, குழந்தை தோளில் கை போட்டுக்கொள்கிறது. ஒரு நிமிஷம் நிஜமான குடும்பம். உடனே அம்மா, ஐயாவுக்கு டீ கொண்டுவரச் சொல்கிறார். க்ளியோ எழுந்து போகிறார். 'ஒங்க வீட்டு மனுஷி மாதிரி' என்பதில் 'மாதிரி' என்ற வார்த்தைக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை. ஆனால் 'ரோமா' க்ளியோவோடேயே கடைசி வரை இருக்கிறது. கடைசி ஷாட்டில் அவர் மாடிப்படி ஏறுகிறார், வேலை பாக்கி இருக்கிறது. 2018 டிசம்பரில் மெக்ஸிகோ உச்ச நீதிமன்றம், வீட்டு வேலைக்காரர்களைக் கட்டாய சமூகப் பாதுகாப்பிலிருந்து ஒதுக்கி வைத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. படத்தால் வந்த தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். வழக்கு முன்பிருந்தே நடந்தது. ஆனால் ஊர் முழுக்க அதைப் பற்றிப் பேச ஒரு முகம் கிடைத்திருந்தது.

*

'இலோ இலோ' விட்டுவிட்ட அந்த இன்னொரு தாளை நாமே போட்டுப் பார்க்கலாம். கற்பனைக் கணக்குதான், ஆனால் வரிகள் நிஜம்.

வரவு 700. முதல் சில மாதங்கள் அந்த 700-ம் கைக்கு வராது. ஊரில் ஏஜெண்ட், பயிற்சி, பாஸ்போர்ட், மருத்துவச் சோதனை என்று ஏற்றிய கடனைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். 2005-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, நான்கு முதல் பத்து மாதங்கள் வரை சம்பளமே இல்லாமல் அல்லது பெயருக்குச் சம்பளத்தோடு வேலை பார்த்தவர்களைப் பற்றிச் சொல்கிறது. 2011-ல் சிங்கப்பூர் ஏஜெண்டுகள் தொழிலாளியிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டணம் வாங்கக்கூடாது என்று சட்டம் வந்தது. கடல் தாண்டி அந்தப் பக்கத்தில் ஏறிய கடனுக்கு அது பொருந்தாது. கடன் தீர்ந்த பிறகு வருகிற 700-ல் வீட்டுக்கு 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிக்கு அதில் ஒரு பங்கு. ஆமாம், பணிப்பெண்ணுக்கும் ஒரு பணிப்பெண் செலவு உண்டு. அவர் சம்பளத்தில் வாழ்கிறவர் அவர் குழந்தையை வளர்க்கிறார், அவர் நம் குழந்தையை வளர்க்கிறார். மிச்சம் 200-ல் போன், துணி, மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சித்தி பையன் தாளில் இல்லாத வரி அதுதான்.

2013 ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் பிறகு அங்கே பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று சட்டம். ஆனால் இருவரும் ஒத்துக்கொண்டால் ஓய்வுக்குப் பதில் பணம் கொடுக்கலாம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. 700-க்கு ஏறக்குறைய 27 வெள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை! ஆர்ச்சர்ட் ரோடில் லக்கி பிளாஸா என்று ஒரு கட்டடம். ஞாயிறு போனால் மணிலாவின் ஒரு தெரு பெயர்ந்து வந்த மாதிரி இருக்கும். பணம் அனுப்பும் கவுண்டர் முன்னால் வரிசை, ஊர்ச் சாப்பாடு, சிரிப்பு. வாரத்தில் ஆறு நாள் 'ஆன்ட்டி' என்றும் 'ஏய்' என்றும் கூப்பிடப்பட்டவர்களை அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதன் விலை 27 வெள்ளி என்றால், வாங்குகிறவனுக்கு லாபமான பேரம்தான்.

விற்கிறவருக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு மோசமான உதாரணம் இருக்கிறது. மியான்மரிலிருந்து வந்த 24 வயதுப் பெண் 2016 ஜூலையில் தான் வேலை பார்த்த வீட்டில் அடிபட்டு, பட்டினியில் இறந்துபோனார். வேலைக்குச் சேர்ந்தபோது 39 கிலோ. இறந்தபோது 24. அவருக்கு லீவு இல்லை, போன் இல்லை. வீட்டில் கேமரா இருந்தது, அதில் எல்லாம் பதிவாகியிருந்தது. 2021-ல் வீட்டு எஜமானிக்கு 30 வருஷம் சிறை. தமிழ்ப் பெயர் கொண்ட குடும்பம். நம் வீடுகளில் அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்ல வாயெடுத்தவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு நாள் வெளியே போயிருந்தால் யாராவது ஒருவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த ஆண்டு ஜூலையில் அரசாங்கம் புதிய விதி ஒன்றை அறிவித்தது. 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து வாங்க முடியாது. கட்டாயம் விட்டே ஆகவேண்டும். நான்கில் ஒன்று. பத்து வருஷத்தில் சட்டம் நகர்ந்த தூரம் அது.

மற்ற நாடுகளைக் குறை சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. வீட்டு வேலை செய்பவர்களும் தொழிலாளர்களே என்று சொல்லும் சர்வதேச உடன்படிக்கை 2011-ல் ஜெனீவாவில் நிறைவேறியது. வாராந்திர ஓய்வு, எழுத்தில் ஒப்பந்தம், பாஸ்போர்ட்டைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை எல்லாம் அதில் உண்டு. ஆட்களை அனுப்பும் பிலிப்பைன்ஸ் 2012-லேயே அதை ஏற்று உறுதி செய்துவிட்டது. ஆட்களை வாங்கும் சிங்கப்பூர் இல்லை. அனுப்பவும் வாங்கவும் செய்கிற இந்தியாவும் இல்லை.

*

படம் பார்த்த ராத்திரி எனக்கு அப்பாவின் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. நீளவாக்கில் இருக்கும் சிவப்பு அட்டை நோட்டு. எழுபதுகளில் எங்கள் வீட்டில் வீட்டோடு ஓர் அக்கா இருந்தார். அம்மா வழி கிராமத்திலிருந்து பதினான்கு வயதில் அழைத்து வந்தார்கள். அடுக்களைக்குப் பக்கத்தில் படுப்பார். எனக்கும் தங்கைக்கும் தலை வாரி, சாதம் ஊட்டி, இருட்டுக்குப் பயந்தால் கூட வந்து நின்றவர் அவர்தான். சம்பளம் என்று மாதாமாதம் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. 'சேர்த்து வைக்கிறோம், கல்யாணத்துக்குத் தோடு, பாத்திரம் எல்லாம் நாங்களே பண்ணிடுவோம்' என்பார் அம்மா. பொய்யில்லை, அப்படித்தான் எல்லா வீட்டிலும் பேச்சு. அப்பா நோட்டில் மட்டும் பால், பேப்பர், அரிசி மண்டி, பிறகு அக்கா பேர், எதிரே 15 ரூபாய் என்று இருக்கும்.

அப்பா ரிடையர் ஆன வருஷம் ஒரு நாள் அக்காவின் மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார். ஒரு டிரங்குப் பெட்டி. புதுப் புடவை கொடுத்தார்கள், எனக்கு நினைவிருக்கிறது. அப்பா போன பிறகு அந்த நோட்டுகளைப் பார்த்தேன். ஒரு மாதம் வரை பெயர் இருக்கிறது. அடுத்த மாதம் பால், பேப்பர், அரிசி மண்டி, அவ்வளவுதான். சேர்த்து வைத்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, எங்கேயும் எழுதவில்லை. கைக்கடன் வாங்கிய எட்டணாவைக்கூட எழுதி வைத்தவர். கொடுத்திருப்பார் என்றுதான் நம்புகிறேன். அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

*

சித்தி பையன் இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டான். படம் பார்த்துவிட்டார்கள். அவன் மனைவி அழுதாளாம்.

"படம் நல்லா இருந்துச்சுண்ணா. ஆனா என் கணக்கு அப்படியேதானே இருக்கு?"

"மூணு வரி சேத்துக்கோ" என்றேன்.

முதலாவது ஞாயிற்றுக்கிழமை. வாங்குவதற்கான 27 வெள்ளியைச் சொல்லவில்லை. விடுவதற்கான செலவு. "லீவு விட்டா அம்மாவை யாருண்ணா பாத்துக்கறது?" என்றான். நியாயமான கேள்வி. அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும், அல்லது சில மணி நேரத்துக்கு வேறு ஆளுக்குக் கொடுக்கவேண்டும். இரண்டுக்கும் விலை உண்டு, அதைத் தாளில் போடு. போடாவிட்டால் அந்த விலையை அந்தப் பெண் கட்டுகிறார் என்று அர்த்தம்.

இரண்டாவது, சம்பளம் அவர் பெயரில் உள்ள பாங்க் கணக்கில், தேதி தவறாமல். 'நாங்களே பத்திரமா வெச்சிருக்கோம்' கிடையாது. பாஸ்போர்ட்டும் அவரிடமே. இதற்குச் செலவு பூஜ்யம், ஆனாலும் ஒரு வரி வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். உன் வேலையோ உன் மனைவி வேலையோ போனால், அந்தப் பெண்ணை நிறுத்த வேண்டிய நாள் வந்தால், என்ன கொடுத்து அனுப்புவாய்? டிக்கெட் சட்டப்படி உன் செலவு, அதைப் போட்டிருக்கிறாய். நான் கேட்பது அதற்கு மேல். இரண்டு மாதச் சம்பளமாவது இன்றைக்கே ஒதுக்கு. மாதம் 60 வெள்ளி வைத்தால் இரண்டு வருஷத்தில் 1,440. உன் லெவி எவ்வளவோ அவ்வளவு. அரசாங்கத்துக்குக் கொடுக்க முடிகிற உனக்கு அவருக்காக ஒதுக்கவும் முடியும். 'இலோ இலோ' குடும்பத்தில் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. எடுக்கும்போது எல்லாச் செலவையும் எண்ணினார்கள், அனுப்பும் நாளை மட்டும் எண்ணவில்லை. எங்கள் அப்பாவும் கெட்டவர் இல்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் சித்தி யாரையோ கூப்பிடும் சத்தம். "1,200 தாண்டுதுண்ணா" என்றான்.

"ஆமாம், தாண்டும். அதுதான் நிஜ விலை. கட்டுப்படியாகுதான்னு இப்பப் பாரு."

அவன் இன்னும் ஆள் எடுக்கவில்லை. மனைவி ஆறு மாதம் பகுதி நேர வேலைக்கு மாறலாமா என்று யோசிக்கிறார்களாம். சித்தியோ, "எனக்காக எந்தப் பொண்ணையும் ஊரு விட்டு ஊரு கூட்டிட்டு வராதீங்கடா" என்கிறார். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போது அவரே அதை மறுபடி யோசிப்பார். எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. எக்ஸெல்லில் மட்டும் மூன்று வரி புதிதாக ஏறியிருக்கிறது. மூன்றாவது வரிக்கு அவன் வைத்திருக்கும் தலைப்பு: 'போகும்போது'.

படத்தைப் பாருங்கள், வீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள் கட்டாயமாக. முடிந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. நடுவில் டீ கேட்காதீர்கள்.